பொது மெஷின்

என் மாமனாருக்கு இரண்டு பிள்ளைகள், ஒரு மெஷின். எங்கள் வீட்டில் மெஷின் என்றால் மரம் அறுக்கும் மெஷின்தான். தையல் மெஷின், துவைக்கிற மெஷின் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு அடைமொழி வேண்டும். வெறும் மெஷின் என்றால் அது ஒன்றே ஒன்று. முழங்கால் போய் மாமா மரம் ஏறுவதை நிறுத்தியபோது, "ரெண்டு பேரும் சேர்ந்து வச்சுப் பொழைச்சுக்குங்க" என்று அதைப் பிள்ளைகள் கையில் கொடுத்தார். எத்தனையோ மரங்களை நினைத்த பக்கம் சாய்த்த மனுஷன். பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் கணக்குத் தப்பிவிட்டது.

சேர்ந்து வைத்துக்கொள்வதாவது! ஒருநாள் அண்ணனுக்கு, மறுநாள் தம்பிக்கு என்று முறை வைத்துக்கொண்டார்கள். தம்பி என் வீட்டுக்காரர். அண்ணனை நான் பெரியவர் என்று சொல்வது வயதை வைத்துத்தான், வேறு எந்த மரியாதையும் அதில் இல்லை. காலையில் கைமாறும்போது, கொடுப்பவர் மெஷினை ஸ்டார்ட் செய்து ஓடவிட்டுக் காட்டித்தான் கொடுக்க வேண்டும். வாங்குகிறவர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார். சத்தத்தில் ஒரு பிசிறு தட்டினாலும் போதும், "நேத்து நான் குடுக்கும்போது இப்படியா இருந்துச்சு?" என்று ஆரம்பித்துவிடும். அந்தக் கூத்து முடிந்தபிறகுதான் எங்கள் வீட்டில் அடுப்பு எரியும்.

இதில் இரவுக்கு வேறு ஏற்பாடு. மெஷின் இருப்பது பொதுக் கொட்டகையில். விடிவதற்குள் மற்றவன் எடுத்துக்கொண்டு ஓடிவிட்டால்? அதனால் தன் முறை முடிந்த இரவில் இருவருமே மெஷினை ரகசியமாகக் கெடுத்து வைப்பார்கள். காலையில் மற்றவர் வருவதற்குள் சரிசெய்துவிடுவார்கள்.

பெரியவரின் வித்தை ஒயரில். ஆஃப் ஸ்விட்சுக்குப் போகிற ஒயரில் ஓரிடத்தில் தோலைச் சுரண்டி வைத்திருந்தார். அந்த இடத்தை ஒரு திருகாணிக்கு அடியில் செருகி மெஷினின் உடம்பில் படவைத்தால், ஸ்விட்சை எப்படிப் போட்டாலும் அது ஆஃப்தான். பிளக்கில் பொறி வராது, பொறி இல்லாமல் பெட்ரோல் பற்றாது. என் வீட்டுக்காரரின் வித்தை பிளக்கில். பிளக் தலையில் மாட்டுகிற ரப்பர் தொப்பிக்குள் சின்னதாக ஒரு ஸ்பிரிங் இருக்கும். கரண்டைப் பிளக்கிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது அதுதான். அதைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தொப்பியை மறுபடி மாட்டிவிடுவார். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. இந்த வித்தைகள் தங்களைத் தவிர உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது என்று இரண்டு பேருக்கும் நினைப்பு. பெண்டாட்டிகள் உலகத்தில் சேர்த்தியில்லை போலிருக்கிறது. அந்த ஸ்பிரிங்கை எத்தனை தடவை சோப்புத் தண்ணீரிலிருந்து பொறுக்கியிருப்பேன்!

அந்த வாரம் விடாத மழை. யாரும் வேலைக்குப் போகவில்லை. வேலைக்குப் போகாத நாள் முறையில் சேருமா, சேராதா என்று புதுச் சண்டை கிளம்பியது. சேராது, முறை இன்னும் என்னிடம்தான் நிற்கிறது என்றார் அண்ணன். சேரும், முறை என்னிடம் வந்தாகிவிட்டது என்றார் தம்பி. சண்டை முடியவில்லை, மழையும் முடியவில்லை. அவரவர் நியாயப்படி அவரவர் போய்த் தன் தன் வித்தையால் பூட்டினார்கள். ஒரே மெஷினுக்கு இரண்டு பூட்டு.

மழை விட்ட காலையில் கொல்லை மரம் விழுந்தது.

அந்த மரத்தைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். இரண்டு வீட்டுக்கும் நடுவில், கொல்லைக் கக்கூசை ஒட்டி நின்ற பெரிய மரம். போன வருஷமே சாய ஆரம்பித்துவிட்டது. ஊரார் வீட்டு மரத்தையெல்லாம் வெட்டிச் சம்பாதிக்கிற இரண்டு பேருக்கு அது கண்ணில் படவில்லை. வேர் உன் பக்கம், நீ வெட்டு என்பார் இவர். கிளை உன் பக்கம், நீ வெட்டு என்பார் அவர். மண் ஊறி வேரின் பிடி தளர்ந்ததும், யார் பக்கமும் சேராமல், கக்கூசின் வாசலை அடைத்துக்கொண்டு படுத்துவிட்டது.

உள்ளே மாமா இருந்தார்.

அவருக்குச் சர்க்கரை. காலையில் எழுந்ததும் நான்தான் இன்சுலின் ஊசி போடுவேன். ஊசி போட்டதும் கொல்லைக்குப் போவார். வந்ததும் சுடச்சுடச் சாப்பாடு. ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை இறங்கி ஆளையே கொண்டுபோய்விடும் என்று டாக்டர் எங்கள் எல்லோரையும் நிற்கவைத்துச் சொல்லியிருந்தார். அன்றைக்கும் ஊசி போட்டாகிவிட்டது. தட்டைக் கழுவி வைத்துவிட்டுத் திரும்புகிறேன், தரை அதிர்ந்தது.

"மாமா!" என்று அலறிக்கொண்டு ஓடினேன்.

"கத்தாதம்மா. ஒண்ணும் ஆகல. சுவரு நிக்குது" என்றது உள்ளேயிருந்து குரல். "கதவுதான் தொறக்க வரல."

எப்படி வரும்? வெளிப்பக்கம் திறக்கிற தகரக் கதவு. இரண்டு கை சேர்த்து அணைத்தாலும் எட்டாத மரம் அதன்மேல் அழுத்திக்கொண்டு கிடந்தது. கதவுக்குக் கீழே மழைத்தண்ணீர் போகக்கூடாதென்று கட்டிய திண்டு. காற்றுக்கு விட்டிருந்த ஓட்டையைக் கிளைகள் அடைத்துவிட்டன. ஒரு கரண்டி சர்க்கரையை உள்ளே அனுப்ப வழியில்லை.

கோடாலியைத் தூக்கிக்கொண்டு வந்தார் பெரியவர். மாமா உள்ளேயிருந்தே தடுத்தார். "கோடாலிய தொடாத. நீ போடற ஒவ்வொரு போடுக்கும் செவுரு ஆடும், எம்மேலயே விழும். மெஷினப் போட்டு மெதுவா அறுங்க." தீயணைப்பு ஆட்களுக்குப் போன் செய்தேன். ஊர் முழுக்க மரம் விழுந்திருக்கிறது, வர நேரமாகும், "உங்க தெருவுலயே மரம் அறுக்கிறவங்க இருக்காங்களே, அவங்களக் கேட்டுப் பாருங்கம்மா" என்றார்கள். தலையில் அடித்துக்கொண்டு வைத்தேன்.

மெஷினை முதலில் எடுத்தது பெரியவர். அவர் முறையாம். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்து, "ஸ்விட்சுல தூசி" என்று முணுமுணுத்தபடி ஸ்குரூ டிரைவரால் ஏதோ நோண்டினார். பக்கத்தில் நின்ற அக்கா, அதாவது அவர் பெண்டாட்டி, கண்ணை மூடிக்கொண்டாள். நானும் அவளும் ஆண்கள் முன்னால் பேசிக்கொள்வதில்லை; அவர்கள் தலை மறைந்தால் பேசாத பேச்சில்லை. ஒயர் வித்தை எனக்குத் தெரிந்தது அவளால்தான்.

பெரியவர் சோக்கைப் போட்டு, காலால் மெஷினை மிதித்துக்கொண்டு, கயிற்றை இழுத்தார். சத்தமில்லை. மறுபடி இழுத்தார். முகம் விழுந்துவிட்டது. தன் பூட்டைத் திறந்தபிறகும் எப்படி ஓடாமல் இருக்கும்? பெட்ரோலைப் பார்த்தார், ஃபில்டரைத் தட்டினார். பிளக்கைக் கழற்றித் துடைத்துத் தொப்பியில் மாட்டி, மெஷின் உடம்பில் ஒட்டி வைத்துக்கொண்டு இழுத்துப் பார்த்தார். பொறி இல்லை.

"கரண்டே வரலையே" என்றார் அழாத குறையாக.

"கரண்டு உண்டாக்கற காயிலே போயிருக்கும்ணே" என்றார் என் வீட்டுக்காரர், கையைக் கட்டிக்கொண்டு, வைத்தியர்போல. உதட்டோரம் ஒரு சிரிப்பு. சட்டைப்பையில் ஸ்பிரிங்கின் அச்சுத் தெரிந்தது.

இவரைத் தனியே இழுத்துக்கொண்டு போனேன். "என்னங்க, அத எடுத்துப் போடுங்க."

"எத?"

"பையில இருக்கே, அத."

ஒரு நிமிஷம் திகைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "சும்மா இரு. இப்ப எடுத்தா நான்தான் கழட்டினேன்னு ஆயிடும். மெஷின் எங்கைக்கு வரட்டும். ஒரே இழுப்புல ஓட வைக்கிறேன் பாரு" என்றார்.

"உள்ள இருக்கறது உங்கப்பாங்க!"

"நான் இல்லைன்னா சொன்னேன்? கேட்டா குடுக்கிறானா அவன்?"

இவருக்குத்தான் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். பையன் கைத்தொழில் தெரிந்தவன், பிழைத்துக்கொள்வான் என்று சொன்னார்கள். கைத்தொழில் தெரிந்ததென்னவோ நிஜம்.

"அண்ணே, இப்படிக் குடு, நான் பாக்கறேன்" என்றார் இவர்.

"உங்கிட்ட குடுத்துத்தான் இந்த நெலமைக்கு வந்துருக்கு."

"என்ன நெலமை? நான் குடுக்கும்போது ஓடிச்சுல்ல?"

"ஓடிச்சு, நொண்டிக்கிட்டு."

இடையில் வாசலில் ஆள்மேல் ஆள். தெருவில் மூன்று வீட்டில் மரம் விழுந்திருக்கிறது, மெஷினோடு வர முடியுமா என்று கேட்டுக்கொண்டு. "இதோ வந்துட்டே இருக்கோம்" என்று அண்ணனும் தம்பியும் ஒரே குரலில் சொன்னார்கள். அந்த ஒரு விஷயத்தில் ஒற்றுமை.

நான் கதவோரம் போய் மரத்தின்மேல் சாய்ந்துகொண்டு, "மாமா, எப்படி இருக்கு?" என்றேன்.

"வேர்க்குதும்மா" என்றார். மழை விட்ட குளிரில் அவருக்கு வேர்க்கிறது. "கை கொஞ்சம் நடுங்குது. மெஷின் என்னாச்சு?"

"பாத்துக்கிட்டிருக்காங்க மாமா."

"கயித்த இழுக்கற சத்தம்தான் கேக்குது. பிளக்குல பொறி வருதான்னு பாக்கச் சொல்லு. ஒயர் எங்கயாவது ஒடம்புல படுதா பாக்கச் சொல்லு. தொப்பிக்குள்ள ஸ்பிரிங் இருக்கான்னு..." குரல் நின்றது. கொஞ்சம் கழித்து வேறு குரலில் வந்தது. "கயிறு கட்டியாச்சா? கீழ நிக்கறவனத் தள்ளி நிக்கச் சொல்லு. ரெண்டு பிள்ளைங்களும் அங்கதான் வெளையாடுதுங்க."

மனுஷர் எங்கேயோ ஏதோ மரத்தின் உச்சியில் இருந்தார். சர்க்கரை இறங்க ஆரம்பித்துவிட்டது.

"மாமா பெனாத்தறாரு!" என்று கத்தினேன். அதற்கு மட்டும் பலன் இருந்தது. பெரியவர் தோள் சலித்துப்போய் மெஷினைத் தரையில் வைத்தார். "இந்தா, நீயே எடுத்துக் கிழி."

இவர் கொட்டகைக்குள் ஸ்பேனர் எடுக்கப் போனார். ஸ்பேனராவது! மறைவில் நின்று ஸ்பிரிங்கைக் கைக்குள் ஒளித்துக்கொள்ளத்தான் போனார். அந்த இடைவெளியில் பெரியவர் குனிந்தார். செருப்பைச் சரிசெய்பவர்போல ஒரு பாவனை. விரல் மெஷின் பக்கம் போனது, ஒயரை மறுபடி திருகாணிக்கு அடியில் செருகியது, திரும்பி வந்தது.

நான் பார்த்தேன். அக்காவும் பார்த்தாள். சொந்த அப்பன் உயிருக்குத் தவித்துக்கொண்டிருக்க, தம்பி கையில் அது ஓடிவிடக்கூடாது. ஓடிவிட்டால் காலத்துக்கும் சொல்லிக் காட்டுவானே! இப்படி ஒரு புத்தியை எந்தக் கடையில் வாங்கினார்களோ. அக்காவின் முகத்தில் ரத்தமே இல்லை. "இந்த ஆளோடயா நான் இத்தன வருஷம் குடும்பம் நடத்தினேன்" என்றாள், என்னிடம்கூட இல்லை, பொதுவாக.

இவர் வந்தார். தொப்பியை ஊதுவதுபோல ஊதி ஸ்பிரிங்கை உள்ளே தள்ளினார். என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். ஒரே இழுப்பு. ஒன்றுமில்லை. இரண்டாவது இழுப்பு. மூன்றாவது. சிமிட்டின கண் அப்படியே பிதுங்கி நின்றது. பெட்ரோல் வாடை குப்பென்று வந்தது. "நெசமாவே காயில் போயிடுச்சு போலிருக்கே" என்றார். அன்றைக்கு அவர் மனசாரச் சொன்ன முதல் வார்த்தை அதுதான், அதுவும் தப்பு.

என்னால் தாங்கவில்லை. "காயிலும் போகல, கருமாந்தரமும் போகல! இவரு ஸ்பிரிங்கக் கழட்டிப் பையில போட்டுக்கிட்டாரு. நீங்க இப்பதான் ஒயர மறுபடி செருகினீங்க அத்தான், நாங்க ரெண்டு பேரும் பாத்தோம். அத எடுத்துவிட்டுட்டு, பிளக்கத் தொடச்சுப் போட்டு இழுங்க. ஓடும். உங்க அப்பா செத்துக்கிட்டிருக்காரு!"

இனி ஓடிவிடும் என்று நம்பினேன். நான் ஒரு பைத்தியக்காரி.

"ஸ்பிரிங்கையாடா கழட்டின?" என்றார் பெரியவர்.

"நீ ஒயர நோண்டலையா?"

"நான் பண்ணது பாதுகாப்புக்கு. நீ பண்ணது திருட்டு."

"யாரு திருடன்? மொதல்ல ஆரம்பிச்சது யாரு? போன வருஷம் பெட்ரோல்ல தண்ணி கலந்தது யாரு?"

"அது மழத்தண்ணிடா!"

மெஷின் இருவருக்கும் நடுவில் கிடந்தது. ஒயரை எடுத்துவிட ஒரு விரல் போதும். அந்த விரலால் ஒருவர் மார்பை ஒருவர் குத்திக்கொண்டிருந்தார்கள்.

அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள். "வாடி. இதுங்கள நம்பினா பொணத்ததான் எடுக்கணும்."

"எங்கக்கா?"

அவள் மேலே கையைக் காட்டினாள். கக்கூசுக்குத் தகரக் கூரை. காலையிலிருந்து ஒருத்தருக்கும் அது கண்ணில் படவில்லை. மரம் வெட்டுகிறவர்கள் மரத்தையே பார்த்தார்கள். கத்திக்கொண்டிருந்த நானும் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பின்பக்கம் சுற்றிக்கொண்டு போய், அவர்கள் மரம் ஏறுகிற அலுமினிய ஏணியைச் சுவரில் சாய்த்தோம். கருவிப் பெட்டியிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்துக்கொண்டேன். தகரத்தை ஆணி அடித்து நிறுத்துவது யார் என்று முடிவாகாமல் வெறும் கட்டுக்கம்பியால்தான் கட்டி வைத்திருந்தார்கள். அந்தச் சோம்பேறித்தனத்துக்கு அன்றைக்கு மட்டும் கும்பிடு போட்டேன். கம்பியை நறுக்கினேன். இருவரும் சேர்ந்து தகரத்தைப் புரட்டிப் பின்பக்கம் தள்ளினோம்; பெரிய சத்தத்தோடு விழுந்தது. முன்பக்கச் சண்டையில் அது ஒருவர் காதிலும் ஏறவில்லை. "கட்டிங் பிளேயர் எங்கடா?" என்று பெரியவர் கேட்பதும், "நீதான் எடுத்து ஒளிச்சு வச்சிருப்ப" என்று இவர் சொல்வதும் கேட்டது.

மாமா மூலையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. எங்களை நிமிர்ந்து பார்த்தார், யாரென்று தெரியாத பார்வை. அக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு சுவர்மேல் உட்கார்ந்து, அப்படியே உள்ளே இறங்கிவிட்டாள். அந்த உடம்பை வைத்துக்கொண்டு அவள் இறங்கியதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆச்சரியம். நான் ஓடிப்போய் ஒரு சொம்பில் சர்க்கரையைக் கரைத்துக் கொண்டுவந்து மேலிருந்து நீட்டினேன்.

"குடிங்க மாமா. நான்தான், உங்க மூத்த மருமக. வாயத் தொறங்க. மெதுவா முழுங்குங்க."

பாதி உள்ளே போனது, பாதி சட்டையில் வழிந்தது. அக்கா விடவில்லை. குழந்தைக்குப் புகட்டுவதுபோல மோவாயைப் பிடித்துக்கொண்டு, கெஞ்சி, அதட்டி, சொம்பைக் காலி செய்தாள். இன்னொரு சொம்பு கொண்டுவந்தேன். அவள் அவர் நெஞ்சைத் தடவிக்கொண்டே இருந்தாள். எனக்கு மேலே சுவரில் உட்கார்ந்து அழுவதைத் தவிர வேறு வேலையில்லை, அதைச் செய்தேன்.

மெல்ல மெல்ல அவர் கண்ணில் ஆள் வந்தது. கூரையில்லாத வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நீ எங்கேம்மா மேல ஏறின?" என்றார்.

சிரித்துவிட்டேன். ஏணியை இழுத்து உள்ளே இறக்கினோம். நிதானத்துக்கு வரும்வரை காத்திருந்து, அக்கா கீழிருந்து இடுப்பைத் தாங்க, நான் மேலிருந்து கையைப் பிடிக்க, ஒவ்வொரு படியாக ஏறினார். முழங்கால் வலியில் பல்லைக் கடித்தாலும் கால் படி தவறவில்லை. பின்னாலேயே அக்காவும் ஏறி வந்ததும், ஏணியை மறுபடி வெளிப்பக்கம் மாற்றி அவரை இறக்கினோம். பின்கட்டு வழியாக என் சமையலறைக்குக் கூட்டிப்போய் நாற்காலியில் உட்காரவைத்தோம். சட்டையை மாற்றினோம். தட்டில் சாப்பாட்டைப் போட்டேன். இரண்டு வாய் சாப்பிட்டார். அக்கா தரையில் சரிந்து உட்கார்ந்து முழங்கைச் சிராய்ப்பை ஊதிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் கொல்லையில் மெஷின் உறுமியது.

முதலில் ஒரு கமறல், பிறகு ஒரே சீரான சத்தம். கூடவே இரண்டு பேரின் ஆரவாரம். மாமா கையில் சோற்றோடு கேட்டுக்கொண்டிருந்தார். "அறுக்க ஆரம்பிச்சுட்டாங்க" என்றார். மரத்தில் பல் ஏறும் சத்தம் மாறி மாறி வந்தது. நான் எழுந்து சொல்லப் போனேன். அவர் இடது கையால் என்னைத் தடுத்தார். "அறுக்கட்டும் விடும்மா. எப்படியும் அறுக்க வேண்டிய மரம்தானே."

"அப்பா, இதோ வந்துட்டோம்ப்பா!" என்று பெரியவரின் குரல். "தைரியமா இருப்பா!" என்று இவர் குரல். மரம் புரண்டு விழுந்தது. தகரக் கதவு கிரீச்சிட்டது. அப்புறம் பேச்சில்லை. பாவம், அந்தக் காலி இடத்தை இரண்டு பேரும் எப்படிப் பார்த்துக்கொண்டு நின்றார்களோ, பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை எனக்கு.

சமையலறை வாசலில் வந்து நின்றார்கள். தலையெல்லாம் மரத்தூள். பெரியவர் கண்ணில் நிஜமாகவே தண்ணீர். அப்பன் உயிரோடு உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்த்த சந்தோஷம் இரண்டு முகத்திலும் இருந்தது. அதை நான் இல்லையென்று சொல்ல மாட்டேன். மாமா அவர்களை மாறி மாறிப் பார்த்தார். கோபமாக ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். அவர் மெதுவாகக் கேட்டார்.

"மெஷின யாருப்பா ஸ்டார்ட் பண்ணது?"

"நான்தான்" என்றார்கள் இருவரும், ஒரே நேரத்தில்.

சொன்னதும் ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள். வெளியே மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது; போய் நிறுத்த இரண்டு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பெட்ரோல் புகை சமையலறைக்குள் வர ஆரம்பித்தது. மாமா தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

"கதவ சாத்தும்மா. சாப்பிட முடியல" என்றார்.

நான் எழுந்து போய் அவர்கள் முகத்துக்கு நேராகச் சாத்தினேன்.